கொரோனா காலத்தில் நூலகங்கள் என்ன செய்தன, அதில் எது மிஞ்சியது?

கிளைநூலக வாசகி:

எங்கள் ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒருவர், "இன்னொரு தொற்று வந்தாலும் கவலையில்லை, எல்லாம் செல்போனில் வந்துவிட்டது, நூலகத்தைப் பூட்டினாலும் ஒன்றும் குறையாது" என்றார். பாதிப் பேர் ஆமோதித்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை, அன்று நள்ளிரவு நாடு முழுக்க ஊரடங்கு. நம் பொது நூலகங்கள் திரும்பத் திறந்தது செப்டம்பர் 1. ஐந்து மாதத்துக்கு மேல் பூட்டியே கிடந்தன. திறந்த பிறகும் 65 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் வெளியே வராமல் வீட்டிலேயே இருக்கச் சொல்லி மத்திய அரசின் வழிகாட்டுதல் இருந்தது. எங்கள் கிளை நூலகத்தில் காலையில் நாளிதழ் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், மாலையில் வருவது பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்களும். இவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் யார் இருக்கிறார்கள்? அந்த முதியவர்களில் எத்தனை பேர் செல்போனில் புத்தகம் படித்தார்கள்? எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் யாருமில்லை. தொலைக்காட்சியில் இறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் நூலகம் அந்த நாட்களில் நிஜமாக என்ன செய்தது? யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இப்போது அதில் எது நடக்கிறது? பணியில் இருந்தவர்கள் எழுதினால் ரொம்ப நல்லது.

ஓய்வுபெற்ற நூலகர்:

அம்மா, நான் டெல்டா பக்கம் ஒரு கிளை நூலகத்தில் இருந்தேன், அதற்குப் பிறகு ஓய்வு பெற்றுவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

பூட்டிய அன்று எங்கள் புத்தகங்களில் ஒரு பெரும் பங்கு வாசகர் வீடுகளில் இருந்தது. புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தவணைத் தாளில் ஏப்ரல் முதல் வாரத் தேதி. தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவருமோ என்று பயந்து சிலர் ஊரடங்கிலும் திருப்பிக் கொடுக்க வந்துவிட்டார்கள், ஒரு பெரியவர் போலீஸ்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் உறுப்பினர் விண்ணப்பங்களை எடுத்துவைத்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்ய ஆரம்பித்தேன். "புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், பணம் எதுவும் கட்ட வேண்டாம், திறந்ததும் கொண்டுவாருங்கள்." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் எதிர்முனையில் யாரும் சீக்கிரம் போனை வைக்கவில்லை. ஒரு அம்மா, அவர் கணவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, "சார், கையில் இருக்கிறதை இரண்டு தடவை படித்துவிட்டேன், மூன்றாம் தடவை படிக்கிறேன்" என்றார்.

அப்புறம் கிராமப்புறத்தில் கொஞ்சம் தளர்வு வந்தபோது சன்னல் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தோம். முன்கூட்டிப் போனில் சொல்லிவிட வேண்டும், எடுத்து வைத்திருப்பேன், கம்பிக்கு வெளியே நின்று வாங்கிப் போக வேண்டும். பெயர் தெரியாமல் "ராஜா ராணி கதை ஒன்று", "அந்த அட்டையில் மாட்டுவண்டி இருக்குமே, அது" என்று கேட்பார்கள். ஒரே ஊரில் பல வருஷம் வேலை பார்த்தவனுக்குத்தான் அது எந்தப் புத்தகம் என்று புரியும். இதற்கு அனுமதி உண்டா என்று மேலே கேட்டேன். செய்யுங்கள் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள், எழுத்தில் கேட்டதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. வழக்கமான இரவல் பதிவேட்டில் ஏற்றாமல் தனி நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு எந்த அறிக்கையிலும் சேரவில்லை. அந்த மாதங்களில் எங்கள் நூலகத்தின் இரவல் கணக்கு அரசுப் பதிவில் சுழியம்.

திரும்பி வந்த புத்தகங்களை என்ன செய்வது என்பது அடுத்த சங்கடம். அலமாரியில் வைக்கப் பயம். வாசிப்பு மேசைகள் எல்லாம் காலியாகத்தானே கிடந்தன, அவற்றின் மேல் ஒன்றோடொன்று தொடாமல் விரித்து நிறுத்திவைத்தோம். மேசை மூலையில் சாக்பீஸால் வந்த தேதி. நாலைந்து நாள் கழித்துத்தான் எடுத்து அடுக்குவது. யாரும் சொல்லித் தந்து செய்ததில்லை, காற்றாடினால் நல்லது என்கிற எண்ணம்தான்.

ஆய்வகவாசி:

ஐயா, நீங்கள் ஒன்றோடொன்று தொடாமல் மேசையில் வைத்தது சரியான முறை என்பதை ஆய்வகச் சோதனையும் காட்டியது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தச் சமயத்தில் புத்தகம் வழியாக நோய் பரவுமா என்ற கேள்விதான் உலகம் முழுக்க நூலகங்களைக் கட்டிப்போட்டது.

அமெரிக்காவில் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு, அந்நாட்டு அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனம், பேட்டல் என்ற ஆய்வு நிறுவனம் மூன்றும் சேர்ந்து 'ரெல்ம்' என்று ஒரு திட்டத்தை 2020-ல் தொடங்கினார்கள். கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, மூடிய புத்தகத்தின் உள்பக்கத் தாள், அட்டைக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறை, டிவிடி பெட்டி என்று நூலகத்தில் புழங்கும் பொருட்களில் வைரஸைத் தடவி, நாள்வாரியாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஜூனில் வந்த முதல் முடிவு: தனித்தனியாக வைத்திருந்தவற்றில் மூன்று நாளில் வைரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல நாட்டு நூலகங்கள் திரும்பி வரும் புத்தகத்தை 72 மணி நேரம் ஒதுக்கிவைத்தது இப்படித்தான் பரவலானது. செப்டம்பரில் இன்னொரு சோதனை. இந்த முறை புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார்கள், திருப்பிப்போடும் பெட்டிக்குள் எப்படிக் குவிந்து கிடக்குமோ அப்படி. ஆறு நாள் கழித்தும் வைரஸ் தெரிந்தது! பொருள் ஏறக்குறைய அதேதான், வைத்த விதம்தான் வேறு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வகத்தில் வைரஸ் தெரிகிறது என்பதும், அதைத் தொட்டவருக்கு நோய் வரும் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், பரப்புகளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. அதன் பிறகு ஒதுக்கிவைக்கும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் பயத்தில் நடந்த சேதம் கொஞ்சமல்ல. மிச்சிகன் மாநிலத்தின் கென்ட் மாவட்ட நூலகத்துக்குக் கருகிய புத்தகம் ஒன்று திரும்பி வந்தது. கிருமி சாகட்டும் என்று மைக்ரோவேவ் அடுப்பில் வைத்திருக்கிறார்கள், உள்ளே ஒட்டியிருந்த மின்னணு அடையாளச் சில்லில் உலோகம் இருந்ததால் தீய்ந்துவிட்டது. நம் பக்கம் சானிடைசரைப் புத்தகத்தின் மேலேயே பீய்ச்சி அடித்தவர்கள் உண்டு, மை கலங்கி அட்டை உப்பிப்போன பிரதிகளை நானே பார்த்திருக்கிறேன். புற ஊதா ஒளிப் பெட்டிக்கு அங்கங்கே பணம் செலவழித்தார்கள். அந்த ஒளி காகிதத்துக்கு நல்லதல்ல, மூடிய புத்தகத்தின் உள்ளே எல்லாப் பக்கத்துக்கும் போவதும் இல்லை. ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் காலி மேசையில் விரித்து வைத்ததே போதுமானதாக இருந்தது.

தேர்வர்:

புத்தகத்தைப் பற்றியே பேசுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு நூலகம் என்றால் முதலில் நாற்காலி, மேசை, மின்விசிறி, சத்தமில்லாத ஒரு கூடம்.

2020 ஏப்ரல் 5-ல் குரூப் 1 முதல்நிலைத் தேர்வு நடக்க வேண்டியது, ஊரடங்கில் தள்ளிப்போய் 2021 ஜனவரி 3-ல்தான் நடந்தது. அந்த ஒன்பது மாதமும் எங்கே உட்கார்ந்து படிப்பது? எங்கள் வீடு ஒரே அறை. அப்பாவுக்கு வேலை இல்லை, தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு, இருந்தது ஒரே போன். மாவட்ட மைய நூலகத்தில் காலையில் திறக்கும்போதே வரிசையில் நின்று, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை மதியம் மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, மூடும்வரை படித்துப் பழகியவர்கள் நாங்கள். படிக்கிற புத்தகம் பெரும்பாலும் எங்களுடையதுதான், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளிப் பாடநூல்கள். அதெல்லாம் பிடிஎஃப் ஆகவும் கிடைத்தது. பிடிஎஃப் கிடைக்காதது எங்கள் பிரச்சினை இல்லையே.

செப்டம்பரில் திறந்தபோது மேசைக்கு இரண்டு நாற்காலி மட்டும் போட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் வெளிச்சுவர் ஓரம் உட்கார்ந்தார்கள், கோயில் மண்டபத்துக்குப் போனவர்களும் உண்டு. என்னோடு படித்த பெண்களில் பலர் திரும்பி வரவே இல்லை. நூலகத்துக்கு என்றால் வீட்டில் அனுப்புவார்கள், கோயில் மண்டபத்தில் ஆண் பசங்களோடு உட்கார அனுப்புவார்களா? இரண்டு பேருக்கு அந்த வருஷமே கல்யாணம் முடிந்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று ஏதோ ஒன்று கண்டுபிடித்தார்கள். இதற்கு யாரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

பழைய வாசகன்:

தம்பி, வலி புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் எல்லா மேசையும் தேர்வுக்குப் படிப்பவர்களால் நிறைந்துவிடுகிறது, கதை படிக்க வருகிறவன் நின்றுகொண்டு புரட்ட வேண்டியிருக்கிறது. நூலகம் என்பது படிப்பகம் மட்டும் என்று ஆகிவிட்டால் இரவல் பிரிவை யார் கவனிப்பார்கள்? ஊரடங்கிலும் திறப்பதா வேண்டாமா என்ற பேச்செல்லாம் வாசிப்பு அறையைப் பற்றியே இருந்தது. அறையைப் பூட்டிவிட்டு வாசலில் வைத்துப் புத்தகம் கொடுக்கலாம் என்று ஏன் மே மாதமே உத்தரவு வரவில்லை? காய்கறிக் கடைக்கு வந்ததே.

தேர்வர்:

ஐயா, இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்வதால் வருகிற சிக்கல் இது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது, மாவட்டங்களில் அப்படி இருந்தால் உங்கள் நாற்காலியில் நாங்கள் ஏன் உட்காரப்போகிறோம்? அடுத்த தடவை இப்படி ஒரு நிலை வந்தால் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூட அறைகளையும் கல்யாண மண்டபங்களையும் இடைவெளி விட்டுப் படிப்பகமாகத் திறந்துவிட முடியும். பள்ளிகள் ஒரு வருஷத்துக்கும் மேல் சும்மாதானே கிடந்தன.

ஸ்கார்பரோவிலிருந்து:

டொரன்டோ பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய உண்டு, அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது பழக்கமான இடம். பழைய வாசகன் கேட்ட அந்த வாசல் விநியோகம் இங்கே 2020 ஜூனில் வந்தது. கணினியில் அல்லது போனில் பதிந்து வைத்து, நேரம் வாங்கிக்கொண்டு போனால், மேசையில் பையில் போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துக்கொண்டு வரலாம். நியூயார்க் பொது நூலகமும் ஜூலை 13-ல் முதலில் எட்டுக் கிளைகளில் இப்படித்தான் திறந்தது, உட்கார்ந்து படிக்க அனுமதி இல்லை.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது வேறு. மூடியிருந்த நூலகக் கிளைகள் சிலவற்றை உணவு வங்கியாக மாற்றினார்கள். டெய்லி பிரெட் போன்ற உணவு வங்கிகள் வழக்கமாக இயங்கிய இடங்கள் சில மூடப்பட்டுவிட்டன, நூலகமோ பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் வழி தெரிந்த இடத்தில் இருந்தது. புத்தகம் அடுக்கும் ஊழியர்கள் அரிசியும் பருப்பும் டின்னும் பெட்டியில் அடுக்கினார்கள். வேலை போன எங்கள் ஆட்கள் சிலருக்கு உணவு வங்கி வாசலில் நிற்கக் கூச்சம், நூலக வாசலில் நிற்க அந்தக் கூச்சம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் நூலகர்களைத் தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பொறுமையாகக் கேள்வி கேட்டு, சொன்னதை ஒழுங்காகக் குறித்து, அதை வெளியே சொல்லாமல் காப்பது அவர்களுக்கு அன்றாட வேலைதானே.

இன்னொன்று, கட்டடம் பூட்டியிருந்தாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நூலகங்கள் வைஃபையை அணைக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.

நிலைத்தது என்ன என்று கேட்டீர்கள் அக்கா. தாமதக் கட்டணம் போனது நிலைத்தது. தொற்றுக் காலத்தில் தற்காலிகமாக நிறுத்தியதை நியூயார்க் 2021 அக்டோபரில் ஒரேயடியாக எடுத்துவிட்டது, டொரன்டோ 2022-ல். கட்டணம் பாக்கி என்று பல வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தவர்கள் திரும்ப வர அது வழிவிட்டது. ஓய்வுபெற்ற நூலகர் ஐயா போனில் சொன்ன முதல் வாக்கியமும் அதுதான் என்பதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

பதிப்பக ஊழியர்:

எல்லோரும் வாசகர் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் வைக்கிறேன். 2020 ஏப்ரலில் கடை இல்லை, கூரியர் இல்லை, கண்காட்சி இல்லை, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் அரசு ஆணையும் இல்லை. அதே மாதத்தில் எங்கள் புத்தகங்கள் வாட்சப், டெலிகிராம் குழுக்களில் பிடிஎஃப் ஆகப் பறந்தன. அனுப்பியவர்கள் எல்லாம் "ஊரடங்கில் படிக்கட்டுமே" என்று நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். பின்னட்டையில் எழுத்தாளர் படம் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து, அவருக்கே அனுப்பிவைத்தவர்களும் உண்டு. சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும், 2021-ல் பிப்ரவரி 24-க்குத் தள்ளிப்போனது, அதுவரை எங்களைப் போன்ற சின்னப் பதிப்பகங்கள் சம்பளம் கொடுக்கத் திணறின. நூலகம் மின்னூலுக்கு மாற வேண்டும் என்று சொல்வதற்கு முன், அந்த மின்னூலுக்கு நூலகம் பணம் கொடுக்குமா என்பதைப் பேசுங்கள்.

திறமூலம்:

பேச வேண்டியதுதான், பேசுவோம். இந்தச் சண்டை உலக அளவில் நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க இணைய நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்து, ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில் இரவல் கொடுத்துவந்தது. 2020 மார்ச் 24-ல், நூலகங்கள் எல்லாம் பூட்டிவிட்டனவே என்று அந்த வரிசையை எடுத்துவிட்டு, சுமார் 14 லட்சம் புத்தகங்களை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் எடுக்கலாம் என்று திறந்தது. பெயர் தேசிய அவசரகால நூலகம். ஜூன் 1-ல் நான்கு பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன, ஜூன் 16-ல் அது மூடப்பட்டது. 2023 மார்ச் 24-ல் வந்த தீர்ப்பும், 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பும் அந்த அவசரகாலத் திறப்பை மட்டும் அல்ல, ஒரு பிரதிக்கு ஒருவர் என்ற பழைய முறையையும் ஏற்கவில்லை. 2020-ல் கிடைத்த அந்த வசதிக்கு ஆராய்ச்சியாளர்கள் இன்றுவரை விலை கொடுக்கிறார்கள் என்பது என் வருத்தம். அதே சமயத்தில், பல்கலைக்கழக நூலகங்கள் சேர்ந்து நடத்தும் ஹாத்தி டிரஸ்ட் என்ற மின்னூலகம் இன்னொரு வழியில் போனது: உன் பல்கலைக்கழக நூலகத்தில் அச்சுப் பிரதி எத்தனை பூட்டிக் கிடக்கிறதோ அத்தனை பேர் மட்டும் ஒரே நேரத்தில் ஸ்கேனைப் பார்க்கலாம். அவர்கள் மேல் வழக்கு வரவில்லை. கொஞ்சம் நிதானம் பெரிய வித்தியாசத்தைத் தந்தது.

பதிப்பக ஊழியரின் கேள்விக்கு: மேலைநாட்டு நூலகங்கள் மின்னூலுக்குப் பணம் கொடுக்கத்தான் செய்கின்றன, நன்றாகவே கொடுக்கின்றன. நூலகங்களுக்கு மின்னூல் இரவல் வசதி தரும் ஓவர்டிரைவ் நிறுவனம் வழியாக 2020-ல் மட்டும் 43 கோடி முறை மின்னூல், ஒலிநூல், இதழ்கள் இரவல் போயின, முந்தைய வருஷத்தைவிட 33 சதவீதம் அதிகம். சிக்கல், நூலகம் வாங்குவது புத்தகத்தை அல்ல, உரிமத்தை. ஹார்ப்பர்காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகம் 2011-லேயே 26 முறை இரவல் போனதும் மறுபடி வாங்க வேண்டும் என்று விதி வைத்தது. அச்சுப் புத்தகம் கிழியும்வரை நம்முடையது. இந்த மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் நம் நூலக வரிப்பணம் தாங்காது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வந்துதான் நம் நூலகங்கள் ஓடுகின்றன.

நம்மிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டம் 1998 முதல் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஊரடங்குக்கு முன்பே திறந்திருந்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் மின்னூலாக்கலாம். ஊரடங்கில் இவையெல்லாம் கைகொடுத்தன என்றால், இருபது வருஷமாகச் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் இருந்ததால்தான். தொற்று வந்த பிறகு யாரும் இதைக் கட்டவில்லை. ஆனால் இவற்றில் இருப்பது பெரும்பாலும் பழைய நூல்கள். ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் ஆன பிறகுதான் நம் சட்டத்தில் உரிமை நீங்கும். இன்று எழுதுகிறவருக்கும் பணம் போகவேண்டும், கிளை நூலக உறுப்பினர் அட்டை வைத்திருப்பவருக்கும் அவர் புத்தகம் போனில் திறக்க வேண்டும். அந்த ஏற்பாடு இன்னும் வரவில்லை, பதிப்பாளர்களும் நூலகத் துறையும் உட்கார்ந்து பேசினால் முடியாத காரியமும் இல்லை.

யாழ் வாசகன்:

வணக்கம். இலங்கையில் 2020 மார்ச் 20 ஊரடங்குச் சட்டம் வந்தது, யாழ்ப்பாணத்தில் அது வாரக்கணக்கில் நீண்டது. இங்கே வாசிப்பு என்றால் பொது நூலகம் மட்டுமில்லை, ஊருக்கு ஊர் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பின்னேரம் பத்திரிகை பார்க்கவும் கதைக்கவும் சனம் கூடும் இடம். அதுகளும் பூட்டுப்பட்டன. எங்கள் நிலையத்துப் பெடியள் பத்திரிகை வாங்கும் காசை நிவாரணத்துக்குத் திருப்பி, உலர் உணவுப் பொதி கட்டிக் கொடுத்தார்கள். ஸ்கார்பரோ அண்ணை எழுதியதைப் பார்க்க அது நினைவு வந்தது.

உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட்டில் நடக்க வேண்டியது ஒக்டோபருக்குப் போனது. பிள்ளைகளுக்கு சூம் வகுப்பு, ஆனால் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி வயல்வெளிக்குப் போக வேண்டிய ஊர்களும் உண்டு. நூலகம் நிறுவனம் 2005 இல் இருந்து எங்கள் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. நான் அந்த நாட்களில் பழைய சஞ்சிகைகளை இரவிரவாகப் பார்த்தேன், அச்சுப் பிரதி எங்கேயும் மிஞ்சாத இதழ்கள்கூட அங்கே இருந்தன. ஒருமுறை நூலகம் எரிக்கப்பட்டு அதை இழந்த ஊர் இது, அதனால் இன்னொரு இடத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்ற பதற்றம் எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதைப் பார்க்க என்னிடம் மடிகணினி இருந்தது, டேட்டாவுக்குக் காசும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை.

செவிவழி வாசகர்:

எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் உதவியோடு இந்த இழை முழுவதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

"எல்லாம் செல்போனில் இருக்கிறது" என்ற பேச்சு எங்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டும். மின்னூலகங்களில் உள்ள பழைய தமிழ் நூல்கள் பெரும்பாலும் பக்கத்தைப் படமாக எடுத்த கோப்புகள். திரைவாசிப்பான் அதைத் திறந்தால் ஒரு எழுத்தும் ஒலிக்காது, வெறும் மௌனம். மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த எழுத்தாக இருப்பதால் அது வாசிக்கும், அதனால் எங்கள் நண்பர்களிடையே அதற்குத் தனி மரியாதை. பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயா 2016 முதல் இருக்கிறது, ஆனால் தமிழில் நாங்கள் தேடுகிற புதிய புத்தகம் கிடைப்பது அபூர்வம். பார்வையற்றோருக்கான பதிப்பு உரிமை விலக்கு பற்றிய மராகேஷ் ஒப்பந்தத்தை உலகிலேயே முதலில் ஏற்ற நாடு இந்தியா, 2014-ல். சட்டத் தடை இல்லை, செய்கிற கைதான் போதவில்லை.

எங்களுக்கு நூலகம் என்றால் வாசித்துக் காட்டும் தன்னார்வலர். பிரெய்லி பிரிவில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள், இடைவெளி என்று வந்தவுடன் முதலில் நின்றது அதுதான். ஏப்ரல் கடைசியில் எனக்கு வாசித்துக் காட்டும் கல்லூரி மாணவி ஒருவர் பாடத்தை வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்ப ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் அவருடைய தோழிகள் சேர்ந்தார்கள், அத்தியாயம் பிரித்துக்கொண்டார்கள், பக்க எண்ணைச் சொல்லிவிட்டு வாசிப்பது என்று ஒழுங்கு வைத்தார்கள். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும், அவருடைய பாட்டி கூப்பிடுவது கேட்கும். பரீட்சைக்கு நான் படித்தது அந்தப் பதிவுகளை வைத்துத்தான். இன்று அவை எங்கே என்றால், பாதி என் பழைய போனோடு போய்விட்டன. ஒரு நூலகம் அவற்றை வாங்கி, தலைப்பு, பக்கம், வாசித்தவர் என்று பதிந்து வைத்திருந்தால் எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் அதே பாடத்துக்கு மறுபடி ஆள் தேட வேண்டியிருக்காது.

சிங்கை வாசகி:

இங்கே சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் நூலகங்கள் மூடி, ஜூலை 1-ல் பெரும்பாலானவை திறந்தன, உள்ளே இருக்கும் நேரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தமிழ் மின்னூல்கள் அதற்கு முன்பே இருந்தன, நானே அப்போதுதான் முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததும் பழகிக்கொண்டார். செவிவழி வாசகர் சொன்னதைப் படித்த பிறகு, இந்த வசதி அமைந்தது எவ்வளவு பேர் பல காலம் உழைத்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளைநூலக வாசகி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மின்னூல் உதவியது ஏற்கெனவே கருவியும் பழக்கமும் உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு உதவியது போன் செய்த நூலகர், சன்னலில் புத்தகம் நீட்டிய கை, குரல் பதிவு அனுப்பிய மாணவி. அதாவது, யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதர். ஊர்ப்புற நூலகங்களில் காலிப் பணியிடத்தை நிரப்பாமல் ஒரே ஆளை இரண்டு நூலகத்துக்குப் பார்க்கச் சொன்னால் அடுத்த முறை அந்தப் போனை யார் செய்வது?

கொரோனா ஓய்ந்த பிறகு நூலகத் துறை நூலக நண்பர்கள் திட்டத்தைக் கொண்டுவந்தது. வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோகிறார்கள். நல்ல காரியம், இருக்கிற ஊர்களில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வாசகர் வட்டத்தின் சார்பில் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு மனு எழுதப்போகிறோம். பேரிடர் வந்து பூட்டினால் வாசல் இரவல் தானாகவே தொடங்க எழுத்து மூலமான நிலையான உத்தரவு, அந்தக் காலத்துக்குத் தாமதக் கட்டணம் இல்லை என்ற அறிவிப்பு, தேர்வர்களுக்குப் பள்ளி அறைகள், குரல் பதிவுகளைச் சேர்த்துவைக்க மாவட்ட மைய நூலகத்தில் ஓர் இடம். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். ஐயா, அந்தத் தனி நோட்டு இன்னும் இருக்கிறதா? மனுவோடு நகல் வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்:

இருக்கிறதம்மா. பெயரையும் போன் எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும், அது வாசகருடைய சொந்த விஷயம். மனுவில் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் விண்ணப்பங்களில் உள்ள பாதி எண்கள் பழையவை, எனக்கு அன்று பாதி அழைப்புகள் போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணைச் சரிபார்க்க வேண்டும், கூடவே வீட்டில் யாராவது வர முடியாதவர் இருக்கிறாரா என்று ஒரு வரி கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, நூலகத்துக்கு என்று ஒரு போன். நான் என் சொந்தப் போனில்தான் பேசினேன், நான் ஓய்வு பெற்றதும் அந்த எண்ணும் என்னோடு வந்துவிட்டது. இன்றும் சிலர் எனக்கே கூப்பிட்டு எந்தப் புத்தகம் வந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். புதிதாக வந்த பெண்ணின் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறேன்.

தேர்வர்:

மனு எழுதும்போது சொல்லுங்கள் அக்கா, எங்கள் படிப்பகத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன். தட்டச்சும் நானே செய்கிறேன்.